மூன்று ராசாக்கள் பார்த்த பேட்டரி

அத்தியாயம் 6

“சி.எம்.பி.ன்னா சைனா மோட்டார் பேட்டரி மேடம். இல்லன்னா என் மீசைய எடுத்துடறேன்” என்றான் லோகேஸ்வரன்.

மீசை என்று அவன் சொன்னது வெயிலில் வாடிய நாலு முடி. அதை வைத்துப் பந்தயம் கட்டினால் ஜெயித்தவருக்கும் நஷ்டம்தான் என்று நினைத்துக்கொண்டு டோரிஸ் தன் கோப்பியை உறிஞ்சினாள். குளுவாங் ரயில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பழைய கடைவீட்டு மாடியில் அவளுடைய ஆபீஸ். கீழே கோப்பிக் கடை, மேலே துப்பறியும் தொழில். கீழிருந்து வரும் வாசனைக்கு மயங்கித்தான் பாதிக் கிராக்கி மாடி ஏறுகிறது என்பது அவள் உதவியாளன் லோகாவின் தீர்மானமான கருத்து.

“இத்தன நாளா அத வச்சு என்ன பண்ணே?”

“ஸ்கூடாய்ல இருந்து பத்து பகாட் வரைக்கும் எல்லாப் பழைய இரும்புக் கடைக்கும் போன் போட்டேன். சி.எம்.பி. பேட்டரி இருக்கான்னு. ஒருத்தன் மட்டும்தான் மரியாதையா பேசினான். ‘சி.எம்.பி. இல்ல, சிமெண்ட் இருக்கு, வேணுமா’ன்னு கேட்டான்.”

“போட்டோவ காட்டு.”

“அதான் எழுதிக் குடுத்தேனே மேடம்.”

“நீ எழுதினத நீயே நம்பமாட்டே. போட்டோவ எடு.”

லோகா போனைத் தடவிக்கொண்டிருக்க, டோரிஸ் கேஸ் கொடுத்த வீட்டை நினைத்துக்கொண்டாள். உலு திராமில், தாமான் குடியிருப்பின் கடைசி வீடு. வாசலில் வெள்ளை எலக்ட்ரிக் கார். உள்ளே ஹாலில் செல்லப்பன் படமாக இருந்தார். படத்துக்குக் கீழே அவர் மனைவி தனலெட்சுமி உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில், நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல், வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிற வயசுப் பிள்ளை செல்வா நின்றிருந்தான்.

கதை ரொம்பச் சின்னது. செல்லப்பன் ஆசையாக வாங்கிய கார் அது. ஆரம்பத்தில் ஒரு சார்ஜில் கோலாலம்பூருக்கே போன வண்டி, கொஞ்ச வருடத்தில் ஆயர் ஈத்தாமைத் தாண்டவே மூச்சு வாங்கியது. கம்பெனியில் சோதித்துப் பார்த்தார்கள். பேட்டரி தன் பலத்தில் நூற்றுக்கு முப்பது பங்குக்கு மேல் இழந்திருந்தது. வாரண்டி பேசுகிற கணக்கு அதுதான் என்பதால், தீபாவளிக்கு முன்பே புதுப் பேட்டரி மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். தைப்பூசம் முடிந்து கொஞ்ச நாளில், வேலை விஷயமாகக் குளுவாங் போகிறேன் என்று கிளம்பியவர், நெடுஞ்சாலையில் சிம்பாங் ரெங்கம் திருப்பத்துக்கு முன்னால் நின்றுபோனார். புதுப் பேட்டரி போட்ட வண்டி, நட்ட நடு ஏற்றத்தில் அப்படியே செத்துப்போனது. ஓரமாக இறங்கி நின்று வீட்டுக்குப் போன் போட்டார்.

“வண்டி நின்னுபோச்சு. உன் மவன் ராத்திரி சார்ஜ் போடல.”

அதுதான் அவர் பேசிய கடைசிப் பேச்சு. பின்னால் வந்த செம்பனை எண்ணெய் லாரி, காரை விட்டுவிட்டு அவர் மேல் ஏறி, மிச்சத்தைப் பேச விடவில்லை.

“எனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது. கார பத்தி எனக்கென்ன தெரியும்?” என்று அன்றைக்குத் தனலெட்சுமி சொன்னாள். “எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். கம்பெனி குடுத்த பேட்டரி அவர கொன்னுச்சு, இல்ல இவன் கொன்னான். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க.”

‘இவன்’ பக்கத்திலேயே நின்றிருந்தான். அவனைக் காட்டுவதற்கு அவள் தலையைக்கூடத் திருப்பவில்லை. அவர் செத்த அன்றிலிருந்து மகனோடு அவள் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதை டோரிஸ் பிற்பாடு வாசலில் வைத்துச் செல்வாவிடமே தெரிந்துகொண்டாள்.

“நான் போட்டேன் ஆன்ட்டி. அதுக்கு முன்னாடியும் அப்பா சும்மா சும்மா திட்டுவாரு, சார்ஜ் போடல, சார்ஜ் போடலன்னு. அதனால சொருகிட்டு, படுத்த பெறகு எந்திரிச்சு வந்து மறுபடியும் பாப்பேன். அன்னிக்கும் பாத்தேன்.”

அழுகிறவர்களைக் கண்டால் முதலில் சந்தேகப்படுவது டோரிசின் சுபாவம். இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம் பிடித்துப் பழகியவள். இந்தப் பையன் அழவில்லை. அது அவளை என்னவோ செய்தது.

கம்பெனியோ கையை விரித்துவிட்டது. பேட்டரியைக் கீழே இறக்கிப் பார்த்த சர்வீஸ் மேனேஜர், இது நாங்கள் மாட்டிய பேட்டரியே இல்லை, யாரோ மாற்றிவிட்டார்கள், வாரண்டி கிடையாது என்று முடித்துவிட்டார். அத்தாட்சிக்கு ஒரு போட்டோவும் அனுப்பியிருந்தார். கம்பெனிக்காரன் புளுகுகிறான் என்பது தனலெட்சுமியின் கட்சி. பழைய இரும்புக் கடையில் திருடிய சரக்கு என்பது லோகாவின் கட்சி.

“இந்தாங்க மேடம். பேட்டரியோட மேல்பக்கம். எழுத்து கார் தரைக்கும் பேட்டரிக்கும் நடுவுல இருந்ததால மழை படல, அழியாம இருக்கு.”

டோரிஸ் போனை வாங்கிப் பார்த்தாள். மெத்தை மாதிரி அகலமான இரும்புப் பெட்டி. அதன் நடுவில் வெள்ளையாக எழுதியிருந்தது: 20+C+M+B+25.

அவள் கோப்பியைக் கீழே வைத்தாள்.

“கூட்டல் குறி இருக்குன்னு நீ சொல்லவே இல்ல.”

“அது அழகுக்குப் போட்டிருப்பான் மேடம்.”

“லோகா, நீ எந்த ஸ்கூல்?”

“தமிழ்ப்பள்ளி. ஏன்?”

“கான்வென்ட் பக்கம் ஒதுங்கியிருந்தாகூட இத்தன போன் காசு மிச்சம். இது கஸ்பார், மெல்கியோர், பல்தசார்.”

“இவங்க எங்க வொர்க்ஷாப் வச்சிருக்காங்க?”

“பெத்லகேம்ல” என்றாள் டோரிஸ். “ஏசு பிறந்தப்ப பாக்க வந்த மூணு ராசாக்கள். ஜனவரியில அவங்க திருநாள். சர்ச்சுல சாமியார் சாக்பீஸ் மந்திரிச்சுக் குடுப்பாரு. வீட்டு வாசல் நிலைக்கு மேல இப்படி எழுதுவோம். வருஷத்த ரெண்டாப் பிட்டு இந்த ஓரம் இருபது, அந்த ஓரம் இருபத்தஞ்சு. நடுவுல ராசாக்களோட முதல் எழுத்து.”

லோகா மீசையைத் தடவினான். ஆனாலும் விடுவதாக இல்லை.

“வாசலுக்குத்தானே எழுதுவீங்க? பேட்டரிக்கு ஏது மேடம் வாசல்?”

நல்ல கேள்வி. டோரிசுக்கு அதற்குப் பதில் தெரிந்திருந்தது. தெரிந்ததில் அவளுக்குச் சிரிப்பும் வந்தது.

“சிம்பாங் ரெங்கத்துல கென்னத்துன்னு ஒரு கார் ஃபோர்மேன். எங்க சர்ச்தான். அவன் பட்டறைக்கு அந்தப் பக்கம் ஒரு இந்து பட்டறை, இந்தப் பக்கம் ஒரு இந்து பட்டறை. ஆயுத பூஜைக்கு ரெண்டு பேரும் ஜேக்குக்கும் ஸ்பானருக்கும் சந்தனம் குங்குமம் வச்சு அமர்க்களம் பண்ணுவாங்க. இவன் மட்டும் பொரிய வாங்கித் தின்னுட்டு சும்மா நிக்கணும். வயிறு எரியாதா? மந்திரிச்ச சாக்பீஸ் கைக்கு வந்ததும் பட்டறையில இருக்கிற எல்லாச் சாமானுக்கும் எழுதிட்டான். இவனோட ஆயுத பூஜை. சாமியார் போய்ப் பாத்துட்டு வந்து, பூசை முடிஞ்சு ஜனமெல்லாம் நிக்கும்போதே கத்தினாரு: ‘சாக்பீஸ் வாசலுக்குய்யா, கம்ப்ரசருக்கு இல்ல!’”

“அலமாக்! அப்ப மூணு ராசாவும் ஒட்டகத்த வித்துட்டு ஈவி கார் வாங்கிட்டாங்க” என்றபடி லோகா கார் சாவியைத் தேடினான்.

* * *

கென்னத் குண்டு மனிதன். கூட்டத்தில் நின்றாலும் பொய் சொல்வது தனியாகத் தெரிகிற முகம்.

“வெள்ளக் காரா? எலக்ட்ரிக்கா? நான் அதெல்லாம் தொடறதில்ல ஆன்ட்டி. ஷாக் அடிக்கும்” என்றான்.

அவன் தலைக்கு மேலே கார் தூக்கும் லிஃப்டில் மூன்று ராசாக்கள் இருந்தார்கள். கம்ப்ரசரில் இருந்தார்கள். டீ ஃபிளாஸ்க்கிலும் இருந்தார்கள்.

டோரிஸ் போட்டோவை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். “உன் கையெழுத்துதானே? M-ஐ இப்படிக் கோணலா இந்த ஜொகூர்லயே நீ ஒருத்தன்தான் எழுதுவே. மந்திரிச்ச சாக்பீஸால எழுதின கையோட எங்கிட்டப் பொய் சொல்றியா? போலீசு கேக்கும்போது சொல்றியா, இப்ப சாமியார்கிட்ட சொல்றியா? ரெண்டுல எது வேணும்?”

கென்னத் போலீசுக்குக்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டான். பழைய டயரின் மேல் பொத்தென்று உட்கார்ந்தான்.

“நான் திருடல ஆன்ட்டி. புதுச திருடிட்டுப் பழச மாட்டினேன்னு நினைக்காதீங்க. செல்லப்பன் அண்ணன் பக்கத்துலயே நின்னு மாத்தச் சொன்னாரு.”

“அவரே சொன்னாரா?” என்றான் லோகா. “புதுப் பேட்டரிய கழட்டிட்டுப் பழச மாட்டச் சொல்ல அவருக்கு என்ன கிறுக்கா?”

“பழசுகூட இல்லண்ணே. வெள்ளத்துல முங்கினது. அண்ணன் வண்டியும் அண்ணி வண்டியும் ஒரே மாடல். போன மழைக்கு அண்ணியோட வண்டி சீட்டு வரைக்கும் தண்ணியில நின்னுபோச்சு. வெள்ளத்துல நனைஞ்சா வாரண்டி இல்லன்னு கம்பெனிக்காரன் திருப்பி அனுப்பிட்டான். அண்ணனுக்கு மட்டும் புதுசு கெடச்சிருந்துச்சா, அத கழட்டி அண்ணி வண்டியில போடு, அவளோடத எனக்கு மாட்டுன்னாரு. ரெண்டு பேட்டரியும் தரையில கெடந்த நேரத்துலதான் ராசாக்கள் திருநாள் வந்துச்சு. எல்லாத்துக்கும் எழுதும்போது அதுக்கும் எழுதிட்டேன்.”

டோரிஸ் போனைக் கீழே இறக்கினாள்.

“அண்ணி வண்டின்னா?”

“அண்ணி வண்டிதான். அவங்களே ஓட்டிக்கிட்டு வந்தாங்க. சின்னப் பிள்ளைகூட பின்னாடி உக்காந்திருந்துச்சு.”

சைக்கிள்கூட ஓட்டத் தெரியாத தனலெட்சுமி டோரிசின் கண் முன்னால் வந்து நின்றாள். லோகாவும் அவளைத்தான் நினைத்திருக்க வேண்டும். மீசையைத் தடவுவதைக்கூட நிறுத்திவிட்டான்.

“அந்த அண்ணி பேரு என்ன கென்னத்?”

“செல்லம் அண்ணி. ஏன் ஆன்ட்டி, அண்ணனுக்கு எத்தன அண்ணி?”

அவன் கேட்ட பிறகுதான் அவனுக்கே விளங்கியது. வாயைப் பொத்திக்கொண்டான்.

“அந்தப் பேட்டரி நின்னுபோகும்னு உனக்குத் தெரியுமா?” டோரிசின் குரலில் இப்போது சிரிப்பு கொஞ்சம்கூட இல்லை.

“சொன்னேன் ஆன்ட்டி. சத்தியமா சொன்னேன். மீட்டரு ஃபுல்லுன்னு காட்டும், ஏத்தத்துல கால அழுத்தினா பொட்டுன்னு பூஜ்யத்துக்கு வந்துரும், நெடுஞ்சாலை பக்கம் போயிராதீங்கன்னேன். பொம்பள ஓட்ட முடியாது, நான் சமாளிச்சுக்கறேன்னாரு. வழியில நின்னுபோனா கேக்கறவங்களுக்கு என்ன சொல்வீங்கன்னேன். சிரிச்சாரு. ‘பையன் சார்ஜ் போடலன்னு சொல்லிக்கறேன்’னாரு.”

பட்டறையில் ஏதோ ஒரு ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. கென்னத் எழுந்து போய் அதை நிறுத்தினான்.

உலு திராமுக்குப் போகும் வழியில் செல்லத்தின் வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. கென்னத் சொன்ன தாமான் முனையிலேயே அதே மாதிரி இன்னொரு வெள்ளைக் கார் நின்றது. கதவு சாத்தியிருந்தது. கொடியில் பள்ளிக்கூடச் சட்டை காய்ந்தது.

“இறங்கி ரெண்டு கேள்வி கேக்கலாமா மேடம்?”

“என்ன கேக்கறது? உன் வண்டி நல்லா ஓடுதான்னா?”

லோகா வண்டியை நிறுத்தாமல் ஓட்டினான். கொஞ்ச தூரம் போன பிறகு மெல்லக் கேட்டான். “வெள்ளத்துல முங்கின பேட்டரி சரி. ஆனா அந்தப் பையன் நிஜமாவே சார்ஜ் போடாமலும் இருந்திருக்கலாம் இல்ல?”

“முந்தின நாள் செல்லப்பன் வண்டி சார்ஜ காலி பண்ணித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாரு. ‘ஒண்ணுமே இல்ல, சொருகுடா’ன்னு அவரே சொன்னாராம், தனலெட்சுமி சொல்லிச்சு. சார்ஜ் போடலன்னா வழியில முதல்ல வர்ற கூலாயகூட தாண்டியிருக்க மாட்டாரு. செத்தது எங்க? சிம்பாங் ரெங்கத்துக்கிட்ட. அந்தப் பையன் சொருகினானா இல்லியான்னு ரோடே சாட்சி சொல்லுது.”

அவளுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. அந்த ரோடு முதல் நாளிலேயே அங்கேதான் இருந்தது. செத்தவர் பேச்சை யாரும் சந்தேகப்படுவதில்லை. அவளும் படவில்லை.

* * *

உலு திராமுக்குப் போனபோது செல்வா வேலையிலிருந்து வந்திருக்கவில்லை. நல்லதாகப் போயிற்று. டோரிஸ் எல்லாவற்றையும் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, இனிப்பும் தடவவில்லை. அவளுக்கு அது வராது.

தனலெட்சுமி அழவில்லை. ஒரு கேள்வி கேட்டாள்.

“பாக்க நல்லா இருப்பாளா?”

“நான் பாக்கல.”

“அந்தக் காருலதான் தைப்பூசத்துக்கு என்னைக் கூட்டிட்டுப் போனாரு. அவ்வளவு வெயிலு. ஏசி போடாத, கரண்டு தீந்துரும்னாரு. எனக்கு வேர்த்துக் கொட்டுச்சு. துண்டால விசிறிக்கிட்டே வந்தேன். அவ ஏசி போட்டுக்கிட்டுப் போயிருப்பா.”

லோகா போய் ஹாலின் ஃபேனைப் போட்டான்.

“மகன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?” என்றாள் டோரிஸ்.

தனலெட்சுமி நிமிர்ந்தாள். “சொல்லக் கூடாது.”

“என்ன?”

“அவன்கிட்ட சொல்லக் கூடாது. உங்கள கூப்பிட்டது நானு. எங்கிட்ட சொல்லியாச்சு, போதும்.”

“அந்தப் பையன் அப்பன கொன்னுட்டேன்னு நினைச்சுக்கிட்டுத் திரியறான்மா.”

“அவனுக்குச் சின்ன வயசு. தாங்கிக்குவான்.” தனலெட்சுமியின் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. “எனக்கு என்ன வயசு இருக்கு? இந்தாளோட வாழ்ந்ததெல்லாம் குப்பைன்னு சொல்லிட்டு நான் எங்க போவேன்? கோயில்ல நாலு பேரு பாக்கும்போது எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நிப்பேன்? சார்ஜ் போட மறந்த பையன்னு சொன்னா ஊரு மன்னிச்சிரும். இத மன்னிக்காது. சிரிக்கும்.”

டோரிஸ் எத்தனையோ திருடர்களைப் பார்த்திருக்கிறாள். அடுத்தவர் பொருளைத் திருடுகிறோம் என்று இவ்வளவு தெளிவாகத் தெரிந்து திருடியவர்கள் அவர்களில் குறைவு. ஓங்கி ஓர் அறை கொடுக்கலாமா என்று கை துடித்தது. அதே நேரம் அந்த மனுஷி துண்டால் விசிறிக்கொண்டு காரில் வந்ததும் நினைவுக்கு வந்து தொலைத்தது.

கேட் திறக்கும் சத்தம் கேட்டது. செல்வா உள்ளே வந்தான். டோரிசைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

“ஆன்ட்டி, கண்டுபிடிச்சீங்களா?”

“கண்டுபிடிச்சிட்டாங்க” என்றாள் தனலெட்சுமி. அப்பா செத்த பிறகு மகனிடம் அவள் பேசிய முதல் வார்த்தை அது. “பேட்டரி மேல தப்பில்லையாம். நீதான் சரியா போடல.”

செல்வா தலையாட்டினான். ரொம்ப நாளாக எதிர்பார்த்த ரிசல்ட் மாதிரி.

டோரிஸ் எழுந்துவிட்டாள். கட்டணம், கட்சிக்காரர் ரகசியம், தொழில் தர்மம் எல்லாம் எக்கேடோ கெட்டுப் போகட்டும்.

“பொய் செல்வா. நீ ஃபுல்லா சார்ஜ் போட்டே. போடலன்னா உங்கப்பா கூலாய தாண்டியிருக்க மாட்டாரு. பேட்டரி கெட்டது. கெட்டதுன்னு தெரிஞ்சே உங்கப்பாதான் அத மாட்டினாரு. தெரிஞ்சேதான் உன்னத் திட்டினாரு.”

செல்வா அவளைப் பார்த்தான். பிறகு அம்மாவைப் பார்த்தான். தனலெட்சுமி மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் அவன் முகத்தைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. அந்தப் பார்வையில் கோபமே இல்லை. கெஞ்சல்தான் இருந்தது.

“அப்பா எதுக்கு ஆன்ட்டி கெட்ட பேட்டரிய மாட்டணும்?” என்றான் செல்வா மெதுவாக. “அப்பா அப்படியெல்லாம் செய்ய மாட்டாரு. அவரு சாகப்போற நேரத்துல பொய் சொல்வாரா?”

“செல்வா, நீயே எங்கிட்ட சொன்னே, எந்திரிச்சு வந்து பாத்தேன்னு.”

“அது முந்தின ராத்திரியா இருக்கும் ஆன்ட்டி. அன்னிக்கு... இப்ப யோசிச்சா சரியா சொருகலன்னுதான் ஞாபகம் வருது. பிளக்கு லூசா இருந்துச்சு. லைட்டு எரியல. ஆமாம்மா. லைட்டு எரியல. நான் பாத்துட்டும் போய்ப் படுத்துட்டேன்.”

சொல்லச் சொல்ல அவன் முகம் தெளிந்துகொண்டே வந்தது.

தனலெட்சுமி எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தாள். “சரி விடு. வேணும்னேவா செஞ்சே? சாப்பிட்டியாப்பா?”

“இல்லம்மா.”

“வா, உக்காரு. நான் போட்டுத் தரேன்.”

டோரிசும் லோகாவும் வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்கள். உள்ளே தட்டு வைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கொழம்பு ஊத்தட்டுமா என்று அம்மா கேட்டாள், போதும்மா போதும்மா என்று மகன் வாய் நிறையச் சோற்றோடு சொன்னான்.

செய்யாத குற்றத்தை ஒருவன் இவ்வளவு சந்தோஷமாக ஒப்புக்கொண்டு டோரிஸ் அதுவரை பார்த்ததில்லை.